தண்ணீர்த் தாங்கி வேண்டாம், கிணற்றுக்குப் பொறுப்புச் சொல்லுங்கள்

நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் கடைசிவரை வாசியுங்கள், நேரம் இல்லாதவர்கள் கீழே இருக்கிற ஐந்து கோரிக்கைகளை மட்டுமாவது வாசியுங்கள்.

வருடத் தொடக்கத்தில் கம்பனிகள் பாடசாலைகளுக்கு வரும். கொப்பி தரும், புத்தகப் பை தரும், சில இடங்களில் குடிதண்ணீர் சுத்திகரிக்கிற மெஷினும் பூட்டித் தரும். எல்லாவற்றிலும் கம்பனியின் சின்னம் இருக்கும். பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து அனுப்பி வைப்போம். அடுத்த நாள் பேப்பரில் "சமூகப் பொறுப்புணர்வுத் திட்டம்" என்று செய்தி வரும்.

வறிய பிள்ளைக்குக் கொப்பி கிடைப்பதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. கிடைக்கட்டும். ஆனால் ஆசிரியர்களாக எங்களுக்குச் சொற்களின் அர்த்தம் முக்கியம். கொப்பி கொடுப்பதற்குப் பெயர் தர்மம், படம் எடுத்துக் கொடுத்தால் விளம்பரம். பொறுப்பு என்பது வேறு சாமான். தன் தொழிற்சாலையில் வேலை செய்கிறவருக்கு என்ன நடக்கிறது, தன் கழிவு எங்கே போகிறது, தனக்குப் பொருள் தருகிறவன் அதை எப்படிச் செய்கிறான், கெடுதல் நடந்தால் யார் இழப்பைக் கட்டுவது என்ற நான்கு கேள்விக்கும் பதில் சொல்வதுதான் பொறுப்பு. கொப்பி தருகிற கை பெரும்பாலும் இந்த நான்கு கேள்விக்கும் பதில் தருவதில்லை. நாங்களும் கேட்பதில்லை, கொப்பி வாங்கின வாயால் எப்படிக் கேட்பது?

இதைத் தூர தேசத்து உதாரணத்தோடு தொடங்கத் தேவையில்லை. சுன்னாகத்தில் தொடங்குவோம்.

போர் முடிகிற காலத்தில் குடாநாடு தேசிய மின்வலையோடு இணையாமல் இருந்தது. கரண்ட் வேண்டும், உடனே வேண்டும். அந்த அவசரத்தில் சுன்னாகத்தில் மின்சார சபை வளாகத்துக்குள் நொதேர்ன் பவர் என்ற தனியார் கம்பனி எண்ணெய் எரித்து மின்சாரம் எடுத்து சபைக்கு விற்றது. பிறகு சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. சனம் சொன்னது, முதலில் யாரும் காது கொடுக்கவில்லை. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 இன் கடைசியிலும் 2014 இலும் அந்தப் பகுதியில் 150 கிணறுகளின் தண்ணீரைச் சோதித்தது. 109 கிணறுகளில் அனுமதிக்கப்பட்ட அளவைவிட எண்ணெய் கூட. நூற்றுக்கு 73.

2015 ஜனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் நிலையத்தை நிறுத்தச் சொன்னது. அந்த வருடமே உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போடப்பட்டது. போட்டவர் ரவீந்திர குணவர்தன காரியவசம், ஒரு சிங்களச் சுற்றாடல் செயற்பாட்டாளர். யாழ்ப்பாணத்துக் கிணற்றுக்காக வழக்குப் போட்டவர் யார் என்பதை எங்கள் அரசியல்வாதிகள் அடிக்கடி சொல்லமாட்டார்கள், ஆகவே நாங்கள் சொல்லி வைக்கிறோம். 2019 ஏப்ரல் 4 இல் தீர்ப்பு வந்தது. மாசாக்கினவரே செலவைக் கட்ட வேண்டும் என்ற கொள்கையின்படி கம்பனி 20 மில்லியன் ரூபா கட்ட வேண்டும், கிணறு கெட்ட ஆட்களுக்கு ஆளுக்கு 40,000 ரூபா என்ற கணக்கில் 500 பேர் வரைக்கும் அது போக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. மத்திய சுற்றாடல் அதிகார சபையும் முதலீட்டுச் சபையும் செய்ய வேண்டிய கடமையைச் செய்யவில்லை என்றும் சொன்னது.

இலங்கையின் சுற்றாடல் வழக்குகளில் இது பெரிய தீர்ப்பு. இதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஆசிரியரின் கணக்கில் பாருங்கள். 2013 இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த சுன்னாகத்துப் பிள்ளை, தீர்ப்பு வரும்போது ஏழாம் ஆண்டில் இருந்தது. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்த காலம் முழுக்க வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல், பவுசர் வருகிறதா என்று வீதியைப் பார்த்து வளர்ந்தது. அந்த ஆறு வருடத்துக்கு 40,000 ரூபாவைப் பிரித்துப் பாருங்கள். மாதத்துக்கு 560 ரூபாவும் வராது. தீர்ப்பே இதை முழு நட்டஈடு என்று சொல்லவில்லை, இழப்பின் ஒரு பகுதியையாவது ஈடுசெய்ய என்றுதான் சொன்னது.

இனி எங்கள் முதல் கேள்விக்கு வருவோம். சுன்னாகத்தில் குற்றவாளி யார்?

கம்பனி தன்னுடைய பங்கை மறுத்தது. அதே வளாகத்தில் முன்னும் பின்னும் வேறு மின் நிலையங்களும் இயங்கினதை எடுத்துக் காட்டியது. அந்தக் கம்பனிக்கு மேலே எம்.டி.டி. வோக்கர்ஸ் என்ற தாய்க் கம்பனி. அதற்கும் மேலே மலேசியாவில் ஒரு முதலாளிக் கம்பனி. இந்தப் பக்கம், அந்த மின்சாரத்தை யூனிற் யூனிற்றாக வாங்கினது இலங்கை மின்சார சபை. நிலம் சபையின் வளாகம். அனுமதி கொடுத்தது முதலீட்டுச் சபை. கண்காணிக்க வேண்டியது சுற்றாடல் அதிகார சபை. வட மாகாண சபை தன் பங்குக்கு ஒரு நிபுணர் குழு போட்டது, அந்தக் குழு பயப்படத் தேவையில்லை என்ற தொனியில் அறிக்கை கொடுத்தது, சனம் அதை நம்பவில்லை. கடைசியில் 20 மில்லியன் கட்டச் சொல்லப்பட்டது இந்த வரிசையில் ஒரே ஒருவருக்கு.

சாவகச்சேரிச் சந்தையில் தேங்காய் வாங்குகிறோம். வீட்டில் உடைத்தால் அழுகல். அடுத்த நாள் போய் வியாபாரியிடம்தான் கேட்போம். "அண்ணை, இது நான் மரத்தில காய்க்க வைச்சதில்லை, தோட்டக்காரரிட்டப் போய்க் கேளுங்கோ" என்று அவர் சொன்னால் சந்தையே சிரிக்கும். வாங்கி விற்கிறவன் பொருளுக்குப் பொறுப்பு. மரத்தடி வியாபாரிக்கு இருக்கிற இந்த ஒழுங்கு, கோடிக் கணக்கில் மின்சாரம் வாங்கின சபைக்கும், இலட்சக் கணக்கில் உடுப்பு வாங்குகிற வெளிநாட்டு பிராண்டுக்கும் ஏன் இல்லை?

கெடுதல் நடப்பது சங்கிலியின் அடியில். இலாபம் சேர்வது சங்கிலியின் நுனியில். நுனியில் இருக்கிறவன் "எனக்குத் தெரியாது, அது சப்ளையர் செய்தது" என்று சொல்லித் தப்புவதற்காகவே சங்கிலியை நீட்டுகிறார்கள். நாங்கள் இந்தப் பதிவில் சொல்ல வருவது இது ஒன்றுதான்: விலையைத் தீர்மானிக்கிறவன் எவனோ, அவன் கெடுதலுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். நல்ல மனதால் இல்லை, ஒப்பந்தத்தாலும் சட்டத்தாலும்.

சுன்னாகம் எங்கே, சாவகச்சேரி எங்கே என்று கேட்கிற ஆட்களும் இருக்கிறார்கள். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மழைத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கடல் உப்புத் தண்ணீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. அப்படி இருக்கிற பிரதான நீர்ப்படுக்கைகள் நான்கு: வலிகாமத்துச் சுன்னாகப் படுக்கை, தென்மராட்சி, வடமராட்சி, தீவகம். தென்மராட்சிப் படுக்கைக்கு மேல்தான் நாங்கள் இருக்கிறோம். இங்கே இருக்கிற தென்னையும் பலாவும் அதைத்தான் குடிக்கிறது. சுண்ணாம்புக் கல்லுக்கு வடிகட்டத் தெரியாது. மேலே ஊற்றுவதைக் கீழே இறக்கும், அவ்வளவுதான். சுன்னாகத்தில் நடந்தது இங்கே நடப்பதற்கு ஒரு தொழிற்சாலையும் ஒரு அலட்சியமான கையெழுத்தும் போதும்.

தண்ணீரைப் பற்றிப் பேச எங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது அது தொடங்கின ஊர்களில் ஒன்று சாவகச்சேரி. புத்தளத்து முகாம்களில் ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற சமூகம் நாங்கள். சொந்தக் கிணறு என்றால் என்ன என்று கிணற்றை இழந்தவர்களுக்குத் தெரியும். திரும்பி வந்து குந்தியிருக்கிற மண்ணின் தண்ணீர் யாருடைய இலாபத்துக்காகவும் கெடக்கூடாது என்று சொல்ல எங்களுக்கும் உரிமை இருக்கிறது. "சோனக வாத்தியாருக்கு ஏன் இந்த வேலை" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். எண்ணெய் கிணற்றுக்குள் இறங்கும்போது வீட்டுக்காரர் வேதமா சைவமா இஸ்லாமா என்று விசாரித்து இறங்குவதில்லை.

இது தமிழர் பிரச்சினை மட்டும் என்று நினைக்கிறவர்கள் ரத்துபஸ்வலவை ஞாபகப்படுத்துங்கள். கம்பஹா மாவட்டம், வெலிவேரிய. ஏற்றுமதிக்கு இறப்பர் கையுறை செய்கிற ஒரு தொழிற்சாலையால் கிணற்றுத் தண்ணீர் கெட்டது என்று சந்தேகப்பட்ட சிங்களக் கிராமத்தவர்கள் சுத்தமான தண்ணீர் கேட்டு வீதிக்கு இறங்கினார்கள். 2013 ஓகஸ்ட் 1 இல் இராணுவம் சுட்டது. மூன்று பேர் செத்தார்கள், அதில் ஒருவர் 17 வயது மாணவர். அந்தக் கையுறைகளைப் போட்டு வெளிநாட்டில் பாத்திரம் கழுவினவருக்கு ரத்துபஸ்வல என்ற பெயர் தெரிந்திருக்குமா? சங்கிலியின் நுனியில் இருக்கிறவருக்கு அடி தெரியாமல் இருப்பது தற்செயல் இல்லை.

இனி உடுப்புக் கதை. பரீட்சை முடிந்து பெறுபேறு வருவதற்கு முன்பே எங்கள் பிள்ளைகள் சிலர் கார்மென்ட்ஸ் பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். விடியப்புறம் இருட்டோடு போய் பின்னேரம் இருட்டோடு வருகிற பிள்ளைகள். போர் முடிந்த பிறகு கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. வேலை வந்தது உண்மை. குடும்பத் தலைவர் இல்லாத வீடுகளில் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது என்பதும் உண்மை. அதனால்தான் இந்த வேலை மரியாதையான வேலையாக இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். மலசலகூடத்துக்குப் போகிற நேரத்தை எண்ணாத வேலை, சங்கம் சேர்ந்தால் வெளியே போட முடியாத வேலை, மேற்பார்வையாளர் கை வைத்தால் அன்றைக்கே முறையிட ஒரு இடம் இருக்கிற வேலை.

இதற்குக் கம்பனிகள் காட்டுகிற பதில் சான்றிதழ். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். சான்றிதழின் பெறுமதி என்ன என்பதை கராச்சியில் பார்த்தோம். 2012 செப்டெம்பர் 11 இல் பல்தியா நகரில் அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். தீயை யார் வைத்தது என்பது வேறு வழக்கு. உள்ளே இருந்தவர்களுக்கு வெளியே ஓட வழி இருக்கவில்லை என்பதுதான் எங்கள் விஷயம். அந்தத் தொழிற்சாலைக்கு அதற்குச் சில கிழமைகளுக்கு முன்புதான் எஸ்.ஏ. 8000 என்ற சர்வதேச நற்சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். அதன் பிரதான வாடிக்கையாளர் கிக் என்ற ஜேர்மன் மலிவு விலைக் கடைக் கம்பனி. பாதிக்கப்பட்டவர்கள் ஜேர்மனிக்கே போய் வழக்குப் போட்டார்கள். 2019 ஜனவரியில் டோர்ட்மண்ட் நீதிமன்றம் காலம் கடந்துவிட்டது என்று தள்ளுபடி செய்தது.

அடுத்தது டாக்கா. 2013 ஏப்ரல் 24, ரானா பிளாசா. முதல் நாளே கட்டடத்தில் வெடிப்புத் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடின. மேலே இருந்த தையல் தொழிலாளர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். 1,100 பேருக்கு மேல் நசுங்கிச் செத்தார்கள். அங்கே தைத்ததும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிற உடுப்பு.

ஆனால் டாக்காவுக்குப் பிறகு ஒன்று மாறியது. பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் ஒரு உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டன. அது வழக்குப் போடக்கூடிய ஒப்பந்தம், வாக்குறுதிப் பத்திரம் இல்லை. சொன்ன வேலையைச் செய்ய இழுத்தடித்த இரண்டு பிராண்டுகளை சங்கங்கள் 2016 இல் ஹேக் நகரத்து நிரந்தர நடுவர் மன்றத்துக்கு இழுத்தன. ஒன்று 2018 இல் 2.3 மில்லியன் டொலர் கட்டித்தான் வெளியே வந்தது. அதுவரைக்கும் இருபது வருடமாக நடத்தை விதி, நல்லொழுக்கக் கோவை என்று அச்சடித்துக்கொண்டிருந்த ஆட்கள், கையெழுத்துக்குச் சட்டப் பலம் வந்தவுடன் காசு எடுத்தார்கள்.

எங்கள் மொழி பேசுகிற இடத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்தில் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த தலித் இளம்பெண் கொலை செய்யப்பட்டாள். அவளுடைய மேற்பார்வையாளர் கைதானார். ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் என்ற பெரிய ஏற்றுமதிக் கம்பனியின் தொழிற்சாலை அது, எச் அன்ட் எம் அங்கிருந்து உடுப்பு வாங்கியது. வழமையாக என்றால் பிராண்ட் "ஆழ்ந்த கவலை" தெரிவித்துவிட்டு ஓடரை வேறு நாட்டுக்கு மாற்றும், தண்டனை தொழிலாளருக்குக் கிடைக்கும். இங்கே தலித் பெண்கள் தலைமை தாங்குகிற தமிழ்நாடு துணி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2022 இல் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. தொழிற்சாலை முதலாளியும் கையெழுத்துப் போட்டார், எச் அன்ட் எம், கெப், பி.வி.எச். என்ற மூன்று வெளிநாட்டுக் கம்பனிகளும் தனித்தனியாகக் கட்டுப்பட்டன. தையல் வரிசையிலேயே இருக்கிற பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து கண்காணிப்பாளர் ஆக்கினார்கள். முறைப்பாடு சொன்னதற்காகப் பழிவாங்கக் கூடாது. சப்ளையர் ஒப்பந்தத்தை மீறினால் வாங்குகிற பிராண்ட் வியாபாரத்தால் அதற்கு விலை கொடுக்க வைக்க வேண்டும்.

இதில் எங்களுக்குப் பாடம் என்ன? வருடத்துக்கு ஒரு தடவை கார்ல வந்து, டைல்ஸ் தரையைப் பார்த்து, டீ குடித்துப் போகிற ஓடிட்டர் பார்க்காததை அந்தத் தரையில் நிற்கிற பிள்ளை பார்க்கும். அந்தப் பிள்ளைக்குப் பேசப் பாதுகாப்பும், பேச்சைக் கேட்க வேண்டிய கட்டாயம் வாங்குகிறவனுக்கும் இருந்தால் போதும். பெரிய தத்துவம் ஒன்றும் தேவையில்லை.

உலகச் சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறோம். 2011 இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை, ஜோன் ரகீ எழுதின வழிகாட்டும் கோட்பாடுகளை ஏகமனதாக ஏற்றது. அரசு பாதுகாக்க வேண்டும், கம்பனி மதிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும் என்று மூன்று தூண். நல்ல கோட்பாடு, ஆனால் கட்டாயம் இல்லை. பிரான்ஸ் 2017 இல் பெரிய கம்பனிகளுக்குக் கட்டாயச் சட்டம் போட்டது. ஜேர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்தது, கராச்சித் தீ அந்த விவாதத்தில் பெரிய காரணம். 2024 இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் ஒரு பணிப்புரை வந்தது. மை காய்வதற்கு முன்பே, 2025 முழுக்க அதை இளக்குகிற பேரம் நடந்தது. கம்பனிகளுக்குச் சுமை என்று காரணம் சொன்னார்கள். சுமை யார் தலையில் இருந்தது என்று சுன்னாகத்தில் வாளி தூக்கினவர்களைக் கேட்டிருக்கலாம்.

இலங்கையில் இப்படிச் சட்டமே இல்லை. 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது, சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருக்கிறது, தொழில் சட்டங்கள் இருக்கின்றன. ஆனால் "உன் சப்ளையர் செய்கிற கெடுதலைத் தேடிப் பார், தடு, நடந்தால் ஈடு செய்" என்று வாங்குகிற கம்பனியைக் கட்டுப்படுத்துகிற சட்டம் ஒன்றும் இல்லை. ஐரோப்பாவின் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை 2010 இல் மனித உரிமைக் காரணத்தால் போனது, 2017 இல் திரும்பி வந்தது. அந்தச் சலுகை போகப்போகிறது என்றால் கொழும்பில் எல்லாரும் மனித உரிமை பேசுவார்கள். சலுகை கைக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும்.

இப்போது எதிர்ப்பக்கத்து வாதங்கள். முதலாவது: "இப்படிக் கேட்டால் முதலீட்டாளர் ஓடிவிடுவார், பிள்ளைகளுக்கு வேலை இல்லாமல் போகும்." கிணற்றைக் கெடுக்காமல் தொழில் செய்யத் தெரியாத முதலீட்டாளர் ஓடட்டும். அவர் கொண்டு வருகிற வேலையைவிட அவர் அழிக்கிற தோட்ட வேலை அதிகம். வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் செய்கிற வலிகாமத்து மண்ணில் தண்ணீர் போனால் எத்தனை பேருக்கு வேலை போகும் என்று யாராவது முதலீட்டுச் சபையில் கணக்குப் பார்த்தார்களா? ஒழுங்கான முதலீட்டாளருக்கு விதி தெளிவாக இருப்பது நல்லது. விதி இல்லாத இடத்தில் மலிவாகக் கெடுக்கிறவன்தான் நல்லவனை வெளியே தள்ளுவான்.

இரண்டாவது: "யாழ்ப்பாணத்தார் எதற்கும் எதிர்ப்பு." சுன்னாகத்துச் சனம் மின்சாரத்துக்கு எதிர்ப்புச் சொல்லவில்லை. குப்பி விளக்கில் படித்த தலைமுறை கரண்ட் வேண்டாம் என்று சொல்லுமா? 2025 இல் மன்னாரில் காற்றாலைக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக வீதியில் இருந்தவர்களும், பொன்னாவெளியில் சுண்ணாம்புக் கல் அகழ்வுக்கு மறிப்புப் போட்டவர்களும் கேட்டது, எங்களைக் கேட்காமல் எங்கள் மண்ணில் முடிவெடுக்காதீர்கள் என்பதைத்தான். கரண்ட் வேண்டுமா தண்ணீர் வேண்டுமா என்று ஒரு ஊரைக் கேட்பதே அநியாயம். கொழும்பு 7 இல் யாரையும் அப்படிக் கேட்பதில்லை.

மூன்றாவது: "சின்னக் கம்பனிகள் தாங்காது." அதனால்தான் சுமையை வாங்குகிற பெரிய கைக்கு ஏற்று என்கிறோம். விலையை அடிமட்டத்துக்கு அமுக்குகிறவன் அவன்தான். மூன்று சதம் குறை, இரண்டு கிழமையில் அனுப்பு என்று ஓடர் போட்டுவிட்டு, பிறகு "ஏன் ஓவர்டைம் கட்டாயப்படுத்துகிறாய்" என்று சப்ளையருக்குக் கடிதம் எழுதுவது நடிப்பு.

எங்கள் மார்க்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும், குறிப்பாகப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற சகோதரர்களுக்கும் வியாபாரம் செய்கிற சகோதரர்களுக்கும். அளவையில் குறைக்கிறவர்களைக் கண்டிக்க ஒரு தனி அத்தியாயமே இறங்கின வேதம் எங்களுடையது. கூலியைத் தாமதிக்கக் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்தினார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவில் ரூமா கிணற்றைத் தம் காசில் வாங்கி எல்லாருக்கும் பொதுவாக விட்டதை ஒவ்வொரு மதரஸாப் பிள்ளையும் படிக்கிறது. காசுள்ளவர் தண்ணீருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எங்களிடம் அளவுகோல் அது. ஹலால் முத்திரையை இறைச்சியில் மட்டும் தேடுகிறோம். பிள்ளை அழுத கண்ணீரில் தைத்த பெருநாள் உடுப்புக்கும், ஒரு ஊரின் கிணற்றைக் கெடுத்துச் சம்பாதித்த ஸதகாவுக்கும் அந்தக் கேள்வி பொருந்தாதா? உலமாக்கள் ஜும்ஆவில் இதைப் பேச வேண்டும். கோயிலிலும் தேவாலயத்திலும் அவரவர் வழியில் பேசட்டும்.

சரி, என்ன செய்யலாம்? தென்மராட்சியில் இருந்து நாங்கள் வைக்கிற கோரிக்கைகள் ஐந்து.

1. எந்தத் தொழிற்சாலை, மின் நிலையம், அகழ்வு வந்தாலும், தொடங்குவதற்கு முன்பே சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீரைச் சோதித்து, பெறுபேற்றைப் பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் தமிழில் ஒட்ட வேண்டும். முதல் நாள் கணக்கு கையில் இருந்தால் பிறகு "இது பழைய எண்ணெய்" என்று யாரும் சொல்ல முடியாது.

2. கம்பனி ஒரு உத்தரவாதப் பணத்தை வங்கியில் கட்டி வைக்க வேண்டும். தண்ணீர் கெட்டால் வழக்கு முடியும்வரை சனம் காத்திருக்கக் கூடாது, பவுசர் செலவு அந்தப் பணத்தில் இருந்து போக வேண்டும்.

3. மின்சாரம் வாங்குகிறவை உட்பட அரச நிறுவனங்கள் தனியாரிடம் வாங்குகிற ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், கெடுதல் நடந்தால் வாங்குகிறவரும் கூட்டுப் பொறுப்பு என்ற வாசகம் இருக்க வேண்டும். தாய்க் கம்பனியும் கையெழுத்துப் போட வேண்டும், மகள் கம்பனி வங்குரோத்து ஆனால் பொறுப்பும் சேர்ந்து செத்துப் போகக் கூடாது.

4. வடக்கு ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் அவர்களிடம் வாங்குகிற பிராண்டுகளுக்கும் திண்டுக்கல் போல சட்டப் பலமுள்ள ஒப்பந்தம் வேண்டும். தமிழில் முறையிட வழி, சங்கம் சேர உரிமை, பழிவாங்கலுக்குத் தடை.

5. இவை எல்லாவற்றையும் சேர்த்து பாராளுமன்றம் ஒரு கட்டாயச் சட்டம் இயற்ற வேண்டும். வாக்குக் கேட்டு வருகிற எல்லாக் கட்சியிடமும் இதை எழுத்தில் கேளுங்கள்.

கோரிக்கை வைத்துவிட்டு குந்தியிருக்கச் சொல்லவில்லை. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. உங்கள் ஊரில் இயங்குகிற எந்தத் தொழிற்சாலைக்கும் உரிமம் இருக்கிறதா, எப்போது முடிகிறது, கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், பெறுபேறு என்ன என்று சுற்றாடல் அதிகார சபைக்கு எழுதுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் ஆசிரியர்களிடம் வாருங்கள், எழுதித் தருகிறோம். உயர்தரப் பிள்ளைகளுக்கு இதையே ஒரு பயிற்சியாகக் கொடுக்கலாம். புலம்பெயர்ந்த உறவுகளே, நீங்கள் இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் அந்த உடுப்புக் கடைகளின் வாடிக்கையாளர்கள். எங்கள் குரல் போகாத இடத்துக்கு உங்கள் ஒரு மின்னஞ்சல் போகும். இது எந்தத் தொழிற்சாலையில் தைத்தது, அங்கே சங்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. வாங்காவிட்டால் எங்கள் பிள்ளைக்குத்தான் வேலை போகும். வாங்குங்கள், கேட்டு வாங்குங்கள்.

அடுத்த முறை கொப்பியோடு பாடசாலைக்கு வருகிற கம்பனிக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பொன்னாடைக்கும் படத்துக்கும் முன்னால் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் தரட்டும். உங்கள் தொழிலாளருக்கு என்ன நடக்கிறது, கழிவு எங்கே போகிறது, யாரிடம் வாங்குகிறீர்கள், கெடுதல் நடந்தால் யார் கட்டுவது. பதில் எழுதித் தந்தால் கொப்பியைச் சந்தோசமாக வாங்குவோம், பிள்ளைகள் கையும் தட்டுவார்கள். பதில் இல்லை என்றால் கொப்பியை நாங்களே காசு சேர்த்து வாங்கிக்கொள்வோம். இந்த ஊர் அந்தளவுக்கு வறுமைப்படவில்லை.

உடன்படுகிறவர்கள் பகிருங்கள். உடன்படாதவர்கள் காரணத்தோடு எழுதுங்கள், பதில் சொல்கிறோம்.